மின்ஸ்ட்ரல்: 'பாணர்' என்றால் போதுமா?

மின்ஸ்ட்ரல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பாணர்' என்று தமிழில் எழுதுவது வழக்கம். இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய கட்டுரை என்றால் அது சரிதான். ஆனால் 1930-களில் ஓர் அமெரிக்கக் கிராமப் பள்ளியில் 'மின்ஸ்ட்ரல் ஷோ' நடந்தது என்ற வரியைப் 'பாணர் நிகழ்ச்சி நடந்தது' என்று மொழிபெயர்த்தால் கதை கெட்டது. யாரோ யாழோடு வந்து பாடிப் பரிசில் வாங்கிப் போனார்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். அங்கே நடந்ததோ வேறு. வெள்ளையர்களான மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்கள் இப்படித்தான் பேசுவார்கள், இப்படித்தான் ஆடுவார்கள் என்று நடித்துக் காட்டி ஊரையே சிரிக்கவைத்தார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'மினிஸ்டர்' என்றால் அங்கே பணியாள். அமைச்சரைக் குறிக்கும் மினிஸ்டரும் இதே வேரிலிருந்து வந்தவர்தான். அவர் மேலே போய்விட்டார், அவ்வளவுதான். பிரபுவின் வீட்டுப் பணியாளைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பாட்டும் வாத்தியமுமாகப் பிரபுக்களை மகிழ்விப்பவர் என்ற பொருளில் நிலைத்தது.

அமெரிக்காவில்தான் பொருள் திரும்பியது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் கரி பூசிக்கொண்டு 'ஜிம் குரோ' என்ற பாத்திரமாக ஆடிப் புகழ்பெற்றார். பிற்காலத்தில் தென் மாநிலங்களின் இன ஒதுக்கல் சட்டங்களுக்கே அந்தக் கோமாளியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1843-ல் நியூயார்க்கில் நான்கு பேர் சேர்ந்து 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற குழுவாக மேடையேறினார்கள். அதன்பிறகு மின்ஸ்ட்ரல் என்றாலே அமெரிக்கர்களுக்குக் கரி பூசிய முகம்தான்.

ஆட்டத்துக்கென்று ஓர் அமைப்பு உருவானது. எல்லாரும் அரைவட்டமாக உட்காருவார்கள். நடுவில் மிடுக்காகப் பேசி நிகழ்ச்சியை நடத்துபவர், பெயர் இன்டர்லொக்யூட்டர். இரு ஓரங்களில் டாம்போ, போன்ஸ் என்ற இரண்டு கோமாளிகள். ஒருவர் கையில் தாம்புரின், மற்றவர் கையில் எலும்புத் தாளம். வாத்தியமே ஆளுக்குப் பெயர். நடுவில் இருப்பவரை நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் கட்டியங்காரனின் குறும்பெல்லாம் அங்கே ஓரத்து ஆசாமிகளிடம் இருந்தது.

வாடெவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சியும் சினிமாவும் வந்ததும் தொழில்முறைக் குழுக்கள் தேய்ந்தன. ஆட்டம் மட்டும் சாகவில்லை; பள்ளிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் போய்க் குடியேறியது. சிகாகோவின் டெனிசன் போன்ற பதிப்பகங்கள் நகைச்சுவைத் துணுக்கு, பாட்டு, பேச்சு எல்லாம் அடங்கிய கையேடுகளை அஞ்சலில் விற்றன. விக், பூச்சுக்கரி முதலியவற்றையும் அப்படியே வரவழைக்கலாம். துணுக்குகளில் உள்ளூர்க்காரர்களின் பெயரைப் பொருத்திக்கொள்ளலாம். தலைமையாசிரியரையோ மளிகைக்கடைக்காரரையோ கிண்டலடித்தால் கைதட்டல் நிச்சயம். பள்ளிக்குப் பணம் திரட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை என்றிருந்தது. கறுப்பினக் குடும்பம் ஒன்றுகூட இல்லாத வடக்கத்திச் சிற்றூர்களிலும் இது நடந்தது. அங்கே பல பிள்ளைகள் கறுப்பினத்தவரைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டதே இந்த மேடையிலிருந்துதான். எனக்கு இதுதான் இந்த வரலாற்றிலேயே உறுத்தலான இடம். கெட்ட எண்ணம் என்று யாரும் நினைக்கவில்லை. பள்ளி விழா என்றுதான் நினைத்தார்கள்.

எதிர்ப்பு தொடக்கக் காலத்திலேயே இல்லாமல் இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய ஃபிரெடரிக் டக்ளஸ், எங்கள் நிறத்தைத் திருடிக் காசு பார்க்கிறார்கள் என்ற பொருளில் 1848-லேயே காட்டமாக எழுதினார். இருந்தும், கரி பூசிய ஆட்டத்துக்குப் பேர்போன, வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் 'கேக் வாக்' என்ற குளிர்கால விழா 1969 வரை நீடித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் பிளாக்ஃபேஸ், அதாவது கறுப்பினத்தவராக நடிக்க இப்படி முகத்தில் கரி பூசிக்கொள்வது. 'கருமுகம்' என்று சிலர் எழுதலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. கருமுகம் என்பது ஒருவருக்கு இயல்பாக அமைந்த முகம். அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? இங்கே பேச்சு, பூசிய முகத்தைப் பற்றியது. பூசியதும் உண்மையிலேயே கரிதான். தக்கையை எரித்துப் பொடித்து, நீரில் குழைத்துத் தடவுவார்கள். 'அரிதாரம்' என்றும் போடலாம். ஆனால் அது மூலத்தில் மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர், தவிர எல்லா ஒப்பனைக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே 'கரிவேடம்'. வேடம் என்று சேர்த்ததும், இது வேறொருவர் போட்டுக்கொண்டது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி. முகத்தில் கரி பூசுவது என்றால் தமிழில் அவமானப்படுத்துவது. கரியைத் தன் முகத்தில் பூசிக்கொண்டு அவமானத்தை அடுத்தவருக்கு அனுப்பிய கலை இது. அந்தக் குத்தல் ஆங்கிலச் சொல்லில்கூட இல்லை.

மின்ஸ்ட்ரல் ஷோவுக்கு வெறும் 'கூத்து' போதாது. அது கூத்துக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம். 'கேலிக்கூத்து' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் 'கரிவேடக் கேலிக்கூத்து' எனலாம். கொஞ்சம் நீளம்தான். கட்டுரையில் முதல் தடவை 'மின்ஸ்ட்ரல் ஷோ எனப்பட்ட கரிவேடக் கேலிக்கூத்து' என்று எழுதிவிட்டு, அப்புறம் 'கரிவேட ஆட்டம்' என்று சுருக்கிக்கொள்ளலாம். பாணரை ஐரோப்பிய அரண்மனையிலேயே விட்டுவிடுவோம்.