பச்சை விளக்கும் ஸ்டிக்கர் பொட்டும்

வீட்டிலிருந்து ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கேமராவுக்கு ‘பிளாக்’ கொடுத்தால் நிஜமாகவே அது அடைபடுகிறதா, இல்லை திரையில் மட்டும் அப்படிக் காட்டுகிறதா? நம்பிக்கை இல்லாமல் லேப்டாப் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.”

நல்ல கேள்வி. பொட்டு ஒட்டியதும் தப்பில்லை.

எந்தச் செயலியும் கேமராவை நேரடியாகத் தொட முடியாது. கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். யாருக்கு எது அனுமதி என்று இயங்குதளம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. மேக் கணினிகளில் கேமராவுக்கும் மைக்குக்கும் இந்தக் கட்டுப்பாடு 2018இல் மொஜாவே பதிப்போடு வந்தது. அந்தப் பதிவேடு பெயரை மட்டும் பார்ப்பதில்லை, செயலியைத் தயாரித்தவரின் முத்திரை போன்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒப்பிடுகிறது. அதனால் அதே பெயரில் ஒரு போலிச் செயலி வந்தால் பழைய அனுமதியில் அது உள்ளே நுழைய முடியாது.

பிரவுசரில் வகுப்பு எடுப்பவர்களுக்கு இரண்டு கதவுகள். இயங்குதளம் பிரவுசருக்கு அனுமதி தர வேண்டும். பிரவுசர் அந்த இணையதளத்துக்குத் தர வேண்டும். “அலவ் கொடுத்தும் கேமரா வரவில்லையே” என்று தவிப்பவர்களில் பலருக்கு மூடியிருப்பது முதல் கதவுதான்.

விண்டோஸில் ஒரு ஓட்டை உண்டு. ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலிகளைத் தனித்தனியாகத் தடுக்கலாம். வழக்கமான டெஸ்க்டாப் செயலிகளுக்கோ மொத்தமாக ஒரே சுவிட்ச். அதை அணைத்தாலும் சில செயலிகள் கேமராவை எட்டக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஆக, ‘பிளாக்’ வேலை செய்கிறது, ஆனால் மென்பொருளின் நேர்மை எவ்வளவோ அவ்வளவுதான். அதற்கும் கீழே கம்பி மட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கேமரா பக்கத்தில் எரியும் அந்தச் சின்ன விளக்கு. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தின் மீது ஒரு வழக்கு வந்தது. சுமார் 2,300 மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில், தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று போட்டிருந்த மென்பொருள் வழியாக, வீட்டிலிருந்த பிள்ளைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டிருந்தன. கேமரா விளக்கு சட்டென்று மினுங்கி அணைவதைச் சில மாணவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். ஏதோ கோளாறு என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. பள்ளி நிர்வாகம் கடைசியில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அங்கே விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, யாரும் காது கொடுக்கவில்லை.

அந்த விளக்கையே பொய் சொல்ல வைக்க முடியுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிராக்கரும் ஸ்டீஃபன் செக்கோவேயும் 2013இல் முடியும் என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 2008 வரை வந்த மேக்புக், ஐமேக் கணினிகளின் கேமராவை.

அதன் வடிவமைப்பு அழகானது. படம் பிடிக்கும் சென்சார் சில்லுக்கு ‘ஸ்டாண்ட்பை’ என்று ஒரு கால், அதாவது கம்பி இணைக்கும் முனை, உண்டு. அதில் மின்னழுத்தம் இருந்தால் சென்சார் தூங்கும், இறங்கினால் விழிக்கும். எல்.இ.டி.யின் ஒரு முனையை மின்வழங்கியிலும் மறுமுனையை இதே காலுக்குப் போகும் கம்பியிலும் இணைத்திருந்தார்கள். கம்பியில் அழுத்தம் இறங்கினால் சென்சாரும் விழிக்கும், எல்.இ.டி. வழியே மின்சாரமும் பாயும். ஒரே கம்பியில் இரண்டு வேலை. விளக்கு எரியாமல் சென்சாரை எழுப்பவே முடியாது என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும்.

ஆனால் சென்சாருக்குள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அதில் ஒரு பிட்டை மாற்றினால், “ஸ்டாண்ட்பை கால் என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாதே” என்று சென்சாருக்கு உத்தரவு போய்விடும். கம்பி தூங்கு என்கிறது, விளக்கு அணைந்திருக்கிறது, சென்சாரோ கண்ணைத் திறந்து படம் பிடித்துக்கொண்டிருக்கிறது! அந்த பிட்டை மாற்றுவது கேமராவுக்குள் இருக்கும் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு. அதற்கான நிரலைக் கணினிதான் ஏற்றிவிடும். ஏற்றுவது யார் என்று அந்தச் சில்லு சரிபார்ப்பதில்லை. அட்மின் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை.

இதற்கு மருந்தும் கம்பியில்தான் இருக்கிறது. தூங்கச் சொல்லும் கம்பியோடு கட்டாமல், சென்சாருக்கு உயிர் கொடுக்கும் மின்சாரத்தோடு விளக்கைக் கட்டிவிட்டால், எந்த ரெஜிஸ்டராலும் அதை ஏமாற்ற முடியாது. விளக்கு எரியாமல் கேமரா இயங்காதபடி இன்றைய மேக் கணினிகளை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஆப்பிளின் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு வந்த மேக்புக்குகளில் மூடியைச் சாத்தினால் மைக்கின் இணைப்பு வன்பொருளிலேயே துண்டிக்கப்படுகிறது. கெர்னலே நினைத்தாலும் திறக்க முடியாது. ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனத்தின் லேப்டாப்பில் கேமராவுக்கும் மைக்குக்கும் கையால் தள்ளும் தனித்தனிச் சுவிட்சுகளே இருக்கின்றன.

விளக்கை ஏமாற்றும் அந்த வழியைக் கண்டுபிடித்தது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். விற்பனைக்கு ஆகாத இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொதுப்பணம்தான் சோறு போட வேண்டும். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காடு. நம் பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டிவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் பத்து பழைய லேப்டாப்களையும் திருப்புளியையும் கொடுத்து, “இந்த விளக்கு எந்தக் கம்பியில் இருக்கிறது, பார்த்துச் சொல்” என்று விட வேண்டும் என்பது என் ஆசை.

மைக்குக்கு வருவோம். பெரும்பாலான லேப்டாப்களில் அதற்கு இப்படி ஒரு விளக்கே கிடையாது. மேக்கில் 2021 முதல் வரும் ஆரஞ்சுப் புள்ளியும் விண்டோஸ் டாஸ்க்பாரில் தெரியும் மைக் சின்னமும் மென்பொருள் வரைபவை. நேற்று ஒரு மீட்டிங்கில் மியூட் போட்டுவிட்டு டாஸ்க்பாரைப் பார்த்தேன். மைக் சின்னம் அப்படியே இருந்தது. மியூட் என்பது அந்தச் செயலி நமக்குத் தரும் வாக்கு மட்டும்தான், மைக் திறந்தேதான் இருக்கிறது. “நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்” என்று நாம் பேசும்போது எச்சரிக்க வேண்டுமானால் அது கேட்டுக்கொண்டிருந்தாக வேண்டுமே! மியூட்டுக்குப் பிறகும் மீட்டிங் செயலிகள் மைக்கை வாசிப்பதை விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2022இல் பதிவுசெய்தார்கள்.

அந்த ஆசிரியைக்கு என் யோசனை இது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், கேமரா, மைக் இரண்டிலும் எந்தச் செயலி கடைசியாக எப்போது பயன்படுத்தியது என்று பாருங்கள். வகுப்பு எடுக்கிற பிரவுசரில், முகவரிக்கு இடது ஓரம் இருக்கும் குறியைத் தட்டி, எப்போதோ ஒருமுறை அலவ் கொடுத்த தளங்களின் அனுமதியை எடுத்துவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் டேப்பை மூடுங்கள், மியூட்டோடு விட்டுவிடாதீர்கள்.

பொட்டு இருக்கட்டும். ஆனால் கல் வைத்த பொட்டு வேண்டாம். மூடியைச் சாத்தும்போது அது திரையை அழுத்தும். கேமராவை மறைத்தே ஆக வேண்டுமென்றால் சாதாரணக் காகிதத்தின் தடிமனான 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மேக்புக்குகளுக்கு ஆப்பிள் அளவே கொடுத்திருக்கிறது.