பிரித்தானிய ரயில்கார்ட்: இங்கிருந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் மகனைப் பார்க்க இங்கிலாந்து போனார். மகன் அவர் பெயரில் மூத்தோர் ரயில்கார்ட், அதாவது ரயில் சீட்டில் கழிவு தரும் அட்டை, வாங்கித் தன் போனில் வைத்திருந்தான். ஒருநாள் அக்கா தனியாக ரயில் ஏறினார். கையில் கழிவு விலைச் சீட்டு, கார்ட் மகனிடம். பரிசோதகர் தண்டம் எழுதிவிட்டார். ஏதோ களவு செய்தவர் போல நடத்தினார்கள் என்று திரும்பி வந்து சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கார்ட் வருடத்துக்கு 35 பவுண். 2025 மார்ச்சில் 30இலிருந்து ஏற்றினார்கள். பெரும்பாலான சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆகவே 105 பவுணுக்கு மேல் ரயிலில் செலவாகும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

“அது அந்த நாட்டுக்காரருக்குத்தான்” என்று உறவினர்களே சொல்லுவார்கள். தவறு. குடியுரிமையும் கேட்பதில்லை, விசா வகையும் கேட்பதில்லை. வயதைக் காட்ட இலங்கைக் கடவுச்சீட்டு போதும். லண்டனில் வசிக்கும் 60 வயதுக்காரருக்குத் தரும் இலவசப் பயண அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதுதான் வருகையாளருக்குக் கிடைக்காது.

அம்மா அப்பா இருவரும் எப்போதும் சேர்ந்தே போவார்கள் என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரே ‘டூ டுகெதர்’ கார்ட் போதும். ஆனால் ஒருவர் மட்டும் போனால் அது செல்லாது. வார நாளில் காலை 9.30க்கு முன்பும் செல்லாது. மூத்தோர் கார்டும் லண்டன், தென்கிழக்குப் பகுதிக்குள் வார நாள் காலை நெரிசலில் உதவாது.

மாணவர்கள் படும் பாடு வேறு. 25 வயது வரை சிக்கலில்லை, ‘16–25’ கார்ட் வாங்கலாம். 26 ஆவதற்கு முதல் நாள் வாங்கினாலும் முழு வருடம் செல்லும். அதற்கு மேற்பட்ட வயதில் அதே கார்ட் வேண்டும் என்றால், முழுநேர மாணவர் என்று பல்கலைக்கழகம் கையெழுத்திட்டு முத்திரை குத்திய படிவம் கேட்பார்கள். அந்த முத்திரைக்காக ஏன் அலைய வேண்டும்? 30 வயது வரை ‘26–30’ கார்ட் அதே விலைக்கு, படிவம் எதுவும் இல்லாமல் கிடைக்கிறது. அது இணையத்தில் மட்டும்தான். நிலையக் கவுண்டரில் வரிசையில் நிற்காதீர்கள்.

அப்புறம், இந்த இரண்டு இளையோர் கார்டுகளிலும் வார நாள் காலை 4.30 முதல் 10 வரை குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண், கழிவு போட்டாலும் சீட்டு அதற்குக் கீழே இறங்காது. எட்டு மணி வகுப்புக்குக் கிட்டத்து ஊரிலிருந்து போகிறவருக்குக் கழிவே கிடைக்காது. 16–25 கார்டுக்கு மட்டும் ஜூலை, ஆகஸ்டில் இந்த விதி இல்லை.

லண்டனுக்குள் வங்கி அட்டையைத் தட்டிப் போனால் ரயில்கார்ட் கழிவு சேராது. லண்டன் போக்குவரத்துக்குப் பணம் போட்டு வைக்கும் ஒய்ஸ்டர் அட்டை எடுத்து, பாதாள ரயில் நிலைய ஊழியரிடம் மூத்தோர் கார்டையோ இளையோர் கார்டையோ அதில் இணைக்கச் சொல்லுங்கள்; ‘டூ டுகெதர்’ கார்டை இணைக்க முடியாது. கேட்காவிட்டால் யாரும் செய்து தரமாட்டார்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் அதற்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

போனில் வைக்கும் கார்ட் என்றால் அது பயணம் செய்பவரின் போனில்தான் இருக்க வேண்டும், சார்ஜோடு. இல்லையென்றால் இங்கிலாந்தில் தண்டம் 100 பவுண், சீட்டு விலை தனி. 21 நாளுக்குள் கட்டினால் தண்டம் 50. செல்லுபடியான கார்ட் இருந்தும் மறந்து போனவர், கூடுதலாகக் கட்டியதை வருடத்தில் ஒருமுறை திருப்பிக் கேட்கலாம். அக்காவிடம் இதை எவரும் சொல்லவில்லை. பற்றுச்சீட்டை எறியாமல் வைத்திருந்து, அந்த ரயில் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள்.