கோர்ஸ் ஃபிஷிங்: இதில் முரடு எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் குளக்கரை வீடொன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, தூண்டில் போட்டுப் பொழுதைக் கழிக்க அழைக்கும் விளம்பரம் ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் படிக்க நேர்ந்தது. ‘சுய உணவு வழங்கும் குடிசையில் கரடுமுரடான மீன்பிடி விடுமுறை’ என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தின் ‘கோர்ஸ் ஃபிஷிங்’ என்னும் தொடருக்கு ஈடாக எழுதப்படும் இந்தக் ‘கரடுமுரடான மீன்பிடி’ என் கண்ணில் படுவது இது முதன்முறை அன்று என்பதால் இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் கோர்ஸ் என்னும் அடைமொழி, போக்கு, வழமை என்னும் பொருள்களைத் தரும் அதே ஒலியுடைய பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வழமையானது, சாதாரணமானது என்பது முதற்பொருள். சாதாரணத் துணி சொரசொரப்பாக இருந்ததால் சொரசொரப்பு, முரடு ஆகிய பொருள்கள் பின்னர் ஒட்டிக்கொண்டன. சால்மன், ட்ரவுட் ஆகியவற்றை மேட்டுக்குடியினர் தமக்குரிய மீன்களாகக் கொண்டாடிய 19ஆம் நூற்றாண்டில், நன்னீரில் வாழும் மற்ற மீன்களான கார்ப், டென்ச், ப்ரீம், ரோச், பெர்ச், பைக், பார்பெல் முதலியவை கோர்ஸ் மீன்கள் என்று ஒதுக்கப்பட்டன.

ஆகவே அடைமொழி மீனுக்கு உரியதே தவிர, பிடிக்கும் செயலுக்கு உரியதன்று. அந்தச் செயலிலோ முரட்டுத்தனத்தின் சாயலே கிடையாது. கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து, முள்ளில் ஈப்புழுவைக் கோத்து எறிந்து, தக்கை எப்போது அமிழும் என்று மணிக்கணக்கில் பார்த்திருப்பார்கள். மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு அதைத் தொட்டு, ஈரவிரிப்பில் கிடத்தி முள்ளைக் கழற்றி, மறுபடியும் நீரிலேயே விட்டுவிடுவார்கள். இதற்குக் கரடுமுரடு என்று பெயர் சூட்டியவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார். தூண்டில்காரர் ஒருவரை நினைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

சற்றே விவரமறிந்தவர்கள் ‘நன்னீர் மீன்பிடி’ என்கிறார்கள். முந்தையதைவிட இது மேலானது என்பதாலேயே இதோடு சற்று நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் கையில் வலுவான சான்று ஒன்று உண்டு: பிரித்தானியாவின் 1975ஆம் ஆண்டுச் சால்மன், நன்னீர் மீன்வளச் சட்டமே, நன்னீர் மீன் என்னும் தொடருக்குச் சால்மனையும் ட்ரவுட்டையும் நீக்கித்தான் பொருள் வரையறுக்கிறது. ஆனால் சட்டம் தன் சொல்லுக்குத் தானே வரையறை எழுதி உடன் வைத்துக்கொள்கிறது. தமிழில் விளம்பரம் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு நன்னீர் என்றால் உப்பில்லாத நீர், அவ்வளவுதான். பிரித்தானியாவில் ஓடும் வை என்னும் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அது சால்மனுக்கும் பெயர் பெற்றது, பார்பெலுக்கும் பெயர் பெற்றது. இரண்டும் ஒரே நன்னீரில்தான் நீந்துகின்றன. பார்பெல் கோர்ஸ் மீன், சால்மன் அன்று. இங்கிலாந்தில் 13 வயது நிரம்பியவர் தூண்டில் உரிமம் பெற வேண்டும். ட்ரவுட்டுக்கும் கோர்ஸ் மீன்களுக்கும் சேர்த்து ஓர் உரிமம், சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் கட்டணம் கூடிய வேறோர் உரிமம். முதல் உரிமத்தை ‘நன்னீர் மீன் உரிமம்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், அதை நம்பி வை ஆற்றில் சால்மனுக்குத் தூண்டில் போடுபவர் சட்டத்தை மீறியவர் ஆவார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி இன்றும் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நடப்பிலுள்ள தடைக்காலமும் கோர்ஸ் மீன்களுக்கே உரியது. சால்மனுக்குத் தேதிகள் வேறு. நன்னீர் என்று பொதுப்பட எழுதினால் இந்த வேறுபாடுகள் அனைத்தும் கரைந்துபோகும்.

‘கெண்டையின மீன்பிடி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பைக்கும் பெர்ச்சும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பிரிவினையே விலங்கியல் செய்ததன்று, மதிப்புப் பார்த்த மனிதர் செய்தது. காவிரியின் மஹசீர் கெண்டைக் குடும்பத்து மீன்தான். தம் நாட்டில் அக்குடும்பத்தைக் கோர்ஸ் என்று தள்ளிய அதே வெள்ளையர்கள், இங்கு வந்ததும் மஹசீரைச் சால்மனுக்கு நிகரான வேட்டைமீனாகப் போற்றினார்கள். (சால்மன், ட்ரவுட் அடங்கிய அந்த உயர்ந்த பிரிவை ‘விளையாட்டு மீன்’ என்று எழுதுவதும் பிழையே; அங்குள்ள ‘கேம்’ என்னும் ஆங்கிலச் சொல் வேட்டைப்பொருளைக் குறிக்கிறது.)

எனவே நான் முன்வைப்பது பொதுமீன் தூண்டில் என்னும் தொடர். பொது என்றால் எல்லார்க்கும் உரியது என்று மட்டும் பொருள்படாதா என்று கேட்பார்கள். ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்னும் குறளில், தகுதியின் வரிசைக்கு எதிர்நிலையில் நிற்பது பொது என்னும் சொல்தான். வரிசை பெறாத மீன் பொதுமீன். மீன்வளர்ப்போர் வழக்கில் ‘சாதாக் கெண்டை’ இருப்பதால் ‘சாதா மீன்’ போதாதா என்றால், சாதா என்பது கடன்சொல் என்பதைப் பொறுத்துக்கொண்டாலும், மீன் சந்தையில் மலிவாகக் கிடைப்பது என்ற நினைப்பையே அது தருகிறது. மீன்பிடி என்னாமல் தூண்டில் என்றதற்கும் காரணம் உண்டு: மீன்பிடி என்றதும் நமக்கு வலையும் படகும் பிழைப்பும் நினைவுக்கு வருகின்றன.

இனி அந்த விளம்பரத்தின் முதற்பாதி. ‘சுய உணவு வழங்கும் குடிசை’ என்றால் வீடு தனக்குத்தானே சோறு போட்டுக்கொள்கிறது என்றல்லவா ஆகிறது? மூலத்தில் இருப்பது ‘செல்ஃப்-கேட்டரிங்’. அதிலுள்ள கேட்டர் என்னும் வினையின் வேர், உணவுப்பொருள் வாங்குபவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். சாமானைத் தாமே வாங்கித் தாமே சமைத்துக்கொள்வது என்பதே கருத்து. ‘தற்சமையல்’ என்றொரு புத்தாக்கமும் உலவுகிறது. உரக்கச் சொன்னால் கேட்பவர் காதில் தற்சமயம் என்றுதான் விழும். சமைத்துண்ணும் வீடு என்றால் யாருக்கும் விளங்கும். குடிசை என்பதோ நம் வழக்கில் கூரை வேய்ந்த ஏழையின் வீடு. வாடகைக்கு விடும் அந்தக் கல்வீடுகளுக்கு நாட்டுப்புற வீடு என்பதே பொருந்தும்.

இரு பிழைகளும் சேர்ந்து மூன்றாவது பிழை ஒன்றையும் ஈன்றிருந்தன. ‘பிடித்த மீனைக் குடிசையிலேயே சமைத்து உண்ணலாம்’ என்று அந்தத் தமிழாக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆங்கில மூலத்தில் அப்படி எதுவும் இல்லை. பொதுமீன் தூண்டிலுக்கென்று வைத்திருக்கும் இத்தகைய குளங்களில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாக வேண்டும் என்பது உரிமையாளர் வழக்கமாக விதிக்கும் கட்டளை. அந்த வரியை நம்பிச் செல்லும் தமிழர், மசாலாப் பொடியோடு இறங்கி, முதல் நாளே உரிமையாளரின் முன் தலைகுனிந்து நிற்பார்.