ஈரத்தன்மை இல்லை, ஈரப்பதம்: தவளைத்தொட்டியில் மாட்டிக்கொண்ட ஒரு சொல்

"தொட்டியின் ஈரத்தன்மையைச் சரியாகப் பராமரிக்கவும்." மரத்தவளை வளர்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு கடையில் கண்ணாடித் தொட்டியோடு தரும் துண்டுத்தாளில் இருக்கிறது, யூடியூபில் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். படிக்கிறவர் என்ன செய்வார்? தொட்டிக்குள் கையை விட்டுத் தேங்காய் நார்த்தூளைத் தொட்டுப் பார்ப்பார், காய்ந்த மாதிரி தெரிந்தால் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவார். கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படி ஊற்றி ஊற்றித் தொட்டியை நடவுக்குத் தயாரான வயல் மாதிரி ஆக்கி வைத்திருந்தான், மூடியைத் திறந்தால் ஊறிப்போன நாற்றம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஈரத்தன்மை என்றால் ஈரமாக இருப்பது, அதை அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டான்.

சொல்ல வந்தது காற்றில் கலந்திருக்கும் நீராவியைப் பற்றி. கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டாது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ஈரப்பதம். வானிலை அறிக்கையில் வருகிறது, பள்ளிப் பாடத்தில் வருகிறது. இலங்கைத் தமிழில் ஈரப்பதன் என்பார்கள், நலம் நலன் மாதிரி, அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஈரம் 'ஈர்' என்ற அடியிலிருந்து வந்தது, சங்கப் பாட்டில் ஈர்ந்தண் என்று வரும், குறளில் அன்புக்கும் ஈரம்தான். பதம் என்றால் ஒரு பொருள் வந்து சேர்ந்திருக்கும் நிலை: பாகு கம்பிப் பதம், உழவுக்கு மண் பதம்.

இந்தப் பதம்தான் முக்கியம். 'தன்மை' போட்டால் என்ன கெட்டுப்போகிறது, அமிலத்தன்மை, காரத்தன்மை என்று அளக்கிறோமே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அளக்கிறோம்தான். ஆனால் அமிலத்தன்மை அந்தத் திரவத்திடமே இருக்கும் குணம். காற்றின் கதை வேறு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும், 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம். 20 டிகிரியில் முழுக்க நிறைந்த காற்றை ஒரு வெற்றுப் பெட்டியில் அடைத்து 30 டிகிரிக்குச் சூடாக்குங்கள், ஒரு சொட்டு நீர் கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் நூறு சதவீதமாக இருந்தது அறுபதுக்குக் கீழே இறங்கிவிடும். தொட்டிக்கு மேல் விளக்கைப் போட்டதும் ஈரப்பதம் அளக்கும் கருவியின் முள் சரிகிறதே, அதன் காரணத்தில் பெரும்பகுதி இதுதான். தாங்கக்கூடியதில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற இந்த நிலையைச் சொல்ல 'பதம்' போதும், 'தன்மை'க்கு அந்த வலு கிடையாது.

நெல்லுக்கும் ஈரப்பதம்தானே சொல்கிறார்கள் என்று நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் உடனே கேட்பார்கள். உண்மைதான், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறு, மழைக்காலம் வந்தால் வரம்பைத் தளர்த்தச் சொல்லி மனு. அந்த 17 எடைக் கணக்கு, நெல்லின் எடையில் நீர் எவ்வளவு என்பது. காற்றில் வரும் 60 வேறு கணக்கு. அதனால் நான் 'காற்றின் ஈரப்பதம்' என்றே எழுதச் சொல்வேன். ஒரு சொல் கூடுதலாகப் போனால் போகட்டும், யாரும் சொம்பைத் தூக்க மாட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'புழுக்கம்' என்று வைக்கலாமே என்றார். அருமையான சொல், புழுங்கல் அரிசியின் உறவு, மே மாதத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நின்றால் அகராதியே தேவைப்படாது. ஆனால் புழுக்கம் நம் உடம்புக்குத் தெரிவது, வெப்பமும் சேர்ந்தது. கொடைக்கானல் பனிமூட்டத்தில் காற்று நிறைந்திருக்கும், புழுங்குமா?

அப்புறம், ஆங்கிலத்தில் relative humidity என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பின் கொடை ஒன்று: 'உறவினர் ஈரப்பதம்'. மாமாவா சித்தப்பாவா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒப்பு ஈரப்பதம் என்று இருக்கிறது, சார்பு ஈரப்பதம் என்றும் எழுதுகிறார்கள். நான் ஒப்பு பக்கம், ஏனென்றால் நடப்பது ஒப்பீடு. மொழிபெயர்ப்புப் பெட்டியில் வந்ததை எடுத்து ஒட்டுகிறவர்கள் ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டாமா? இந்த மாதிரிக் கண்ணாடித் தொட்டியை ஆங்கிலத்தில் டெரரியம் என்பார்கள், அதற்கு 'நிலவாழ் உயிரினக் காட்சிப்பேழை' என்று நீட்டுகிறவர்களும் இவர்கள்தான். மீன்தொட்டி என்று சொல்லத் தெரிந்த ஊருக்குத் தவளைத்தொட்டி என்று சொல்ல வராதா?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், தொட்டித் தவளை தோலால் கெடும். அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பகுதி தோல் வழியாகத்தான். காற்று காய்ந்தால் தோல் காயும், எந்நேரமும் நசநசவென்று காற்றோட்டமில்லாமல் கிடந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிடிக்கும். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்குக் காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 வரை இருந்தால் போதும், மத்திய அமெரிக்கச் செங்கண் மரத்தவளைக்கு இன்னும் கூடுதலாக, பகலில் 70 போல வேண்டும். இப்படி இனத்துக்கு இனம் எண் மாறும்போது 'ஈரத்தன்மையைப் பராமரி' என்றால் எதைப் பராமரிப்பது?

இன்னொரு தொல்லை, குறிப்புகள் குளிர்நாட்டிலிருந்து அப்படியே வருகின்றன. அங்கே சூடேற்றிய வீட்டுக்குள் காற்று உலர்ந்து கிடக்கும், அதனால் நாளுக்கு மூன்று முறை தெளி என்கிறார்கள். இங்கே ஐப்பசி கார்த்திகையில் தெளிப்பானைத் தொடவே வேண்டியிராது, மேல்மூடியில் வலை இருக்கிறதா, காற்று நுழைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏசி அறையில் தொட்டி இருந்தால் தலைகீழ், காலையும் மாலையும் குளோரின் போன தண்ணீரைத் தெளித்து, இடையில் இலைகள் உலர விட வேண்டும்.

அளப்பதற்கு ஈரப்பதமானி. இதையும் சிலர் 'ஈரமானி' ஆக்கிவிட்டார்கள், மண்ணில் குத்திப் பார்க்கும் கருவிக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும். 1783-ல் சுவிஸ் அறிவியலாளர் சோசூர் மனிதத் தலைமயிரை வைத்தே ஒன்று செய்தார், ஈரப்பதம் ஏறினால் மயிர் நீளும். கடையில் விற்கும் மலிவான வட்டமுள் கருவியை நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள்: பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு ஒரு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். முள் 75-இல் நிற்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால்தான் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், அடைமழையில் மரக்காணத்து உப்பு ஜாடியிலேயே நீர்விடுவது அதனால்தான்.

அந்தத் துண்டுத்தாளைத் திருத்தக் கொடுத்தால் நான் எழுதுவது இது: "காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். நார்த்தூள் லேசாக ஈரமாக இருந்தால் போதும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது." எந்தத் தவளைக்கு என்பதையும் மேலே போட்டுவிடுங்கள்.