சொல் விளக்கம்: இல்லஸ்ட்ரேஷன்

பாலிடெக்னிக்கில் வடிவமைப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குப் போன தவணையில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒரு ராக் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் வரைய வேண்டும். பாட்டில் வருவதை அப்படியே வரையக்கூடாது. கேட்கும்போது தனக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் படம். அவள் எடுத்தது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973இல் வந்தது. அவளுடைய அம்மாவே அப்போது பிறக்கவில்லை.

சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோ வீட்டுக் கூடத்தில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தவளிடம் என் அம்மா, "என்னடி இதெல்லாம்?" என்று கேட்டார்.

"இல்லஸ்ட்ரேஷன், பாட்டி."

"அப்படின்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பில் சம்பளம் வாங்குகிறவன் நான்தானே. வாயில் சட்டென்று வந்தது 'விளக்கப்படம்'. சொன்ன மறுநொடியே ஏதோ இடித்தது.

பிறப்பை வைத்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. இல்லஸ்ட்ரேஷனுக்கு மூலம் 'இல்லுஸ்த்ராரே' என்ற லத்தீன் வினை. ஒளியூட்டுதல், பளிச்சென்று ஆக்குதல் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அது அறிவுக்குக் கிடைக்கும் ஒளியைத்தான் குறித்தது. அப்புறம் எடுத்துக்காட்டு சொல்லிப் புரியவைப்பதையும் குறித்தது. புத்தகத்தில் இருக்கும் படத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்.

தமிழும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. 'விளங்கு' என்றால் ஒளிர்வதும் உண்டு, புரிவதும் உண்டு. அதன் பிறவினை 'விளக்கு'. மாலையில் விளக்கு ஏற்றுகிறோம், பிள்ளைக்குப் பாடத்தை விளக்குகிறோம், பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்குகிறோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு அன்றைய பொழுதே நன்றாகப் போகும்.

சரி, பிறகு இடித்தது எது? வழக்குதான். இன்றைக்கு விளக்கப்படம் என்று சொன்னால், பெருவிரைவு ரயிலில் அவசரத்துக்குக் கதவை எப்படித் திறப்பது என்று காட்டும் படம்தான் கண்முன் வருகிறது. அல்லது அறிவியல் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட பூவின் வெட்டுத் தோற்றம். இவற்றுக்குச் சரி, தவறு உண்டு. பாட்டைக் கேட்டு வரைந்ததற்கு அது கிடையாது.

அந்த ஆல்பத்தின் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு முக்கோணக் கண்ணாடி. ஒரு பக்கம் வெள்ளைக் கதிர் நுழைய, மறுபக்கம் நிறங்களாகப் பிரிகிறது. வடிவமைத்தது ஹிப்னாசிஸ் என்ற லண்டன் குழு. வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. நிறங்களை எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கும். நாம் பள்ளியில் ஏழு என்று படித்தோமே, அந்தக் கருநீலத்தைக் காணோம். தேர்வுத்தாளில் வரைந்திருந்தால் மதிப்பெண் போயிருக்கும். அட்டைப்படமாக வரைந்ததால் ஐம்பது ஆண்டாக டீ-சட்டைகளில் ஊர் சுற்றுகிறது.

இப்படிப்பட்டதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. 1950இல் 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனை யாராவது விளக்கப்படம் என்பார்களா? ஓவியம் என்போம், சித்திரம் என்போம். சித்திரம் வடசொல், ஓவியத்துக்குச் சங்கப் பாட்டிலேயே 'ஓவம்' என்ற பழைய வடிவம் உண்டு. ஆகவே கதைக்கு வரைந்தால் கதை ஓவியம், பாட்டுக்கு வரைந்தால் பாட்டோவியம். வழிமுறை காட்டினால் மட்டும் விளக்கப்படம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்தான் பாதித் தொல்லை. (ஆல்பம் என்ன ஆனது என்கிறீர்களா? லத்தீனில் அது வெறும் 'வெள்ளை'. அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகை. பாட்டுக்கு இசைத்தொகுப்பு போதும்.)

பாட்டோவியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பள்ளி இலக்கணமே உதவுகிறது: எடுத்துக்காட்டு உவமை அணி. 'அகர முதல' குறளில் எழுத்து பற்றி ஒரு வாக்கியம், உலகு பற்றி ஒரு வாக்கியம். நடுவில் 'போல' வராது. சேர்த்துக்கொள்வது படிப்பவர் பாடு. பாட்டும் படமும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அவள் எடுத்த ஆல்பத்தில் 'மணி' என்றொரு பாட்டு, ஆங்கில 'மணி', அதாவது பணம். பெயரைக் கேட்டதும் அம்மா கடிகாரப் பாட்டு என்றே நினைத்துவிட்டார். கடிகாரங்கள் ஒன்றாக அடிக்கும் பாட்டு அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பணப் பாட்டு காசு குலுங்கும் ஒலியோடும் கல்லாப்பெட்டிச் சத்தத்தோடும் தொடங்கும். அதற்கு அவள் வரைந்திருந்தது, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு மைலோ டின். பழைய மளிகைக் கடைகளில் கப்பி மாட்டிக் கட்டியிருப்பார்களே, இழுத்துக் காசைப் போட்டுவிட்டால் தானாக மேலே போகுமே, அந்த டின். பாட்டில் டின்னும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. அவளும் அதைப் பழைய புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார்.

"தேக்கா பக்கத்துக் கடையில இப்படித்தான் இருக்கும். ஆனா இது என்ன, செங்குத்தா நிக்குது? காசு எடுத்துட்டு விட்டா ஆடுமே."

அவள் ரப்பரை எடுத்துக் கயிற்றை அழித்தாள்.