பேண்ட்லீடர்: நடத்துநர் அல்ல, குழுத்தலைவர்

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனைப் பற்றித் தமிழில் ஏதாவது படித்தால் ‘ஜாஸ் இசைக்குழு நடத்துநர்’ என்ற தொடர் தவறாமல் வந்து நிற்கிறது. ‘பேண்ட்லீடர்’ என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். தவறு.

‘பேண்ட்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆட்கள் கூட்டம், படைக்கூட்டம் என்பது பழைய பொருள். வாத்தியக்காரர்களைக் குறித்தது அப்புறம்தான். ‘லீடர்’ முன்னே போகிறவர். இவ்வளவுதான் சங்கதி.

‘நடத்துநர்’ வந்தது ‘கண்டக்டர்’ என்ற வேறொரு சொல்லுக்காக. அவர் சிம்பொனி மேடையில் கோலோடு நிற்பவர், பெரும்பாலும் வேறொருவர் எழுதிவைத்ததை வாசிக்கவைப்பவர். அவர் விலகினால் இன்னொருவர் வருவார். இசைக்குழு அதே பெயரில் இருக்கும். (அவரைக்கூட நடத்துநர் என்றால் டிக்கெட் கொடுப்பவர்தான் கண்முன் வருகிறார். அது வேறு பஞ்சாயத்து.)

எலிங்டன் கதையைப் பாருங்கள். 1899இல் வாஷிங்டனில் பிறந்தவர், 1923இல் நியூயார்க்கில் பிழைக்க வந்தபோது வெறும் பியானோக்காரர். ‘வாஷிங்டோனியன்ஸ்’ குழுவுக்குத் தலைவர் பாஞ்சோ என்ற நரம்புக்கருவி வாசித்த எல்மர் ஸ்னோடன். சம்பளக் கணக்கில் தகராறு வந்து ஸ்னோடன் வெளியேற, தலைமை எலிங்டனிடம் வந்தது. கோலும் இல்லை, கையசைப்பும் இல்லை, பிரச்சினை காசு! 1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் அவர் குழு ஏறியது. மேடையில் கறுப்பர்கள், நாற்காலிகளில் வெள்ளையர்கள் என்ற விடுதி அது. வானொலி அந்த இசையை நாடெங்கும் கொண்டுபோனது.

ஆள் எடுப்பது, சம்பளம் கொடுப்பது, மெட்டு எழுதுவது, பியானோ வாசிப்பது எல்லாம் அவரே. இன்னாருடைய ஊதல் இப்படி என்று தெரிந்து அவருக்கென்றே எழுதுவார். கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட்டுக்காகவே 1940இல் ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியத்தை முன்னிறுத்தும் இசை, எழுதினார். பேரிடோன் சாக்ஸஃபோன் வாசித்த ஹாரி கார்னி 1927இல் சேர்ந்தவர், 1974இல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது, தன் பாட்டுகளுக்கு வந்த உரிமைத்தொகையைப் போட்டுக் குழுவைக் காப்பாற்றினார். இவரா நடத்துநர்?

‘தலைவர்’ என்றால் கட்சி வாடை அடிக்கிறது என்பார்கள். சரி, கபடியில் அணித்தலைவர் கோட்டுக்கு வெளியே நின்றா கைகாட்டுகிறார்? அவரும் பாடிப் போகிறவர்தானே. அதே பொருளில் ‘இசைக்குழுத் தலைவர்’ போதும். பல வாத்தியங்கள் சேர்ந்த இசையைக் குறிக்கும் ‘பல்லியம்’ என்ற பழஞ்சொல் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ‘பல்லியத் தலைவர்’ என்று எழுதினால் சுவரில் பல்லிதான் கத்தும். ‘இசை இயக்குநர்’ வேண்டவே வேண்டாம். அதைச் சினிமாக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் மோசம், 1939இல் சேர்ந்த பில்லி ஸ்ட்ரேஹார்னை ‘ஏற்பாட்டாளர்’ என்பது. குழுவின் அடையாள இசையாகிவிட்ட ‘டேக் த ஏ டிரெயின்’ அவர் எழுதியது. மனிதர் என்ன, மண்டபத்தில் பந்தியா ஏற்பாடு செய்தார்? ‘அரேஞ்சர்’ என்றால் எந்த வாத்தியம் எந்த இடத்தில் எதை வாசிக்கவேண்டும் என்று கோப்பவர். ‘இசைக்கோப்பாளர்’ என்றால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் வரும் பொருளை அப்படியே பிடுங்கி நடுகிற வேலைக்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘கோமகன் எலிங்டன்’ என்றும் ஒரு கூத்து நடக்கிறது. டியூக் என்பது இங்கே பிரபுப் பட்டம் இல்லை, பட்டப்பெயர். சின்ன வயதில் அவருடைய உடுப்பையும் தோரணையையும் பார்த்து நண்பன் வைத்தது. அப்பா பட்லர் வேலை பார்த்தவர். எட்வர்ட் கென்னடி எலிங்டனுக்கே இந்தக் கதி என்றால், இன்னொரு ஜாஸ் குழுத்தலைவரான கவுண்ட் பேசி (Count Basie) இவர்கள் கையில் சிக்கும்போது தொலைபேசி, கைப்பேசி வரிசையில் ‘எண்ணுபேசி’ ஆகிவிடுவார்.