ஒரு கிராம் முட்டையின் கணக்கு: ஃபின்ச், கேனரி பெட்டைகளும் கால்சியமும்

ஜோடி சேர்ந்து, கூடும் கட்டி முடித்த பெட்டை, முதல் முட்டை விழ வேண்டிய நாளில் கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முட்டை உள்ளேயே தங்கிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபின்ச், கேனரி என்ற சிறு கூண்டுப் பறவைகளின் வளர்ப்பில் நல்ல பெட்டைகள் பறிபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். குளிர், பிஞ்சு வயது, அதிகக் கொழுப்பு என்று பல விளக்கங்கள் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அவற்றின் அடியில் பெரும்பாலும் கால்சியம் பற்றாக்குறை இருக்கும். அது சில வாரங்களுக்கு முன்பே தீவனக் கிண்ணத்தில் தொடங்கியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஜீப்ரா ஃபின்ச் பெட்டையின் எடை 12 முதல் 15 கிராம். அது இடும் முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிராம். நாளுக்கு ஒன்றாக ஐந்து முட்டை இட்டால், ஐந்தே நாளில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை முட்டையாக வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு முட்டையின் ஓடு மட்டும் சுமார் 50 முதல் 60 மில்லிகிராம். ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால், அதற்குள் ஏறத்தாழ 20 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

இப்போது வரவைப் பாருங்கள். 100 கிராம் தினையில் உள்ள கால்சியம் சுமார் 30 மில்லிகிராம். ஃபின்ச் ஒரு நாளில் தின்பதோ மூன்று, நான்கு கிராம் விதை. அப்படியானால் நாளொன்றுக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டைக்குத் தேவையானதைச் சேர்க்க இரண்டு வாரத்துக்கு மேல் தின்ன வேண்டும். அதுவும் தின்றது அத்தனையும் உடம்பில் சேர்ந்தால்! சேராது. அதே தினையில் பாஸ்பரஸ் சுமார் 290 மில்லிகிராம் இருக்கிறது. பாஸ்பரஸ் இவ்வளவு மிகுந்தால் உள்ள கொஞ்சக் கால்சியத்தையும் குடல் சரியாக உறிஞ்ச முடியாது. பனிவரகு, கேனரி விதை என்று எதைக் கலந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு மாறுவதில்லை. கிண்ணம் நிறைய விதை இருந்தும் பெட்டை பட்டினி கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

முட்டை உருவாகும் விதத்தைப் பார்த்தால் இந்தப் பற்றாக்குறை எங்கே போய் இடிக்கிறது என்று புரியும். பறவைகளில் பொதுவாக இடப்பக்கச் சூலகமும் முட்டைக்குழாயும் மட்டுமே முழுதாக வளர்ந்து வேலை செய்கின்றன. சில நாட்களில் முற்றும் மஞ்சள் கரு குழாய்க்குள் விழுகிறது. மேலே வெள்ளைக்கரு சுற்றுகிறது, பிறகு இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்துகின்றன. அதன்பின் முட்டை, ஓடு உருவாகும் இடமான ஓட்டுப்பைக்குள் நுழைகிறது. மொத்தம் ஏறக்குறைய 24 மணி நேரம் நடக்கும் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் இங்கேதான் கழிகிறது. ஃபின்ச்சும் கேனரியும் அதிகாலையில் இடுபவை. எனவே ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில், பறவை எதுவும் தின்னாமல் தூங்கும் நேரத்தில் நடக்கிறது.

கோழிக்கு இரவைக் கடக்க எலும்பில் ஒரு கையிருப்பு உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரந்ததும் அதன் நீண்ட எலும்புகளின் உட்குழியில் எளிதில் கரையும் தனி எலும்புத்திசு படிகிறது. சிறு பாடும் பறவைகளுக்கு இந்தக் கையிருப்பு மிகக் குறைவு. அன்றன்று தின்பதையே அவை நம்பியிருக்கின்றன. நெதர்லாந்தின் காடுகளில் அமில மழையால் மண்ணில் கால்சியம் குறைந்து நத்தைகள் அருகிப்போனபோது, அந்த நத்தை ஓடுகளைத் தின்றுவந்த பெரிய பட்டாணிக்குருவிகள் மெல்லிய, நுண்துளை மிகுந்த ஓடுகளோடு முட்டையிட்டன. சில ஓடே இல்லாமல் இட்டன. 1994-இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. காட்டுப் பறவை நத்தை ஓட்டைத் தேடிப் பறந்தாவது போகும். கூண்டுப் பறவைக்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரத்தத்தில் உள்ள கால்சியத்தை ஓடு இழுத்துக்கொண்டபின் சிக்கல் இரட்டிப்பாகிறது. முட்டையை வெளியே தள்ள ஓட்டுப்பையின் தசை சுருங்க வேண்டும். தசை சுருங்கவும் கால்சியம்தான் வேண்டும். அது குறைந்தால் தசை தளர்கிறது. மெல்லிய ஓடுள்ள முட்டை பிதுங்குகிறதே தவிர நகர்வதில்லை. நகராத முட்டை இடுப்புக்குள் நரம்புகளை அழுத்துவதால் பெட்டைக்குக் கால் வலுவிழக்கிறது. கம்பில் உட்கார முடியாமல் தரைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. குடலிலிருந்து கால்சியம் ரத்தத்துக்குப் போக வைட்டமின் டி3 வேண்டும். தாவரங்களிலிருந்து வரும் டி2 பறவைகளுக்குச் சரியாகப் பயன்படுவதில்லை. தோலில் டி3 உருவாக வெயிலில் உள்ள யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். வெளிச்சமான அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் கூண்டை வைத்துவிட்டு வெயில் கிடைக்கிறது என்று நம்புவது தவறு. காலை இளவெயிலில் 20, 30 நிமிடம் நேரடியாக வையுங்கள். கூண்டின் பாதியாவது நிழலில் இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் பறவைகளுக்கான யூவி-பி விளக்கு உதவும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் போகப்போக யூவி-பி குறையும், ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். டி3 கலந்த திரவ மருந்தும் உண்டு. அதில் பாட்டிலில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது, ஒரே சமயத்தில் இரண்டு வகை கொடுக்கவும் கூடாது. டி3 மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து பறவை மெல்ல மெல்லச் சாகும்.

கால்சியத்துக்கு எளிய வழி கடல்நுரை எனப்படும் கணவாய் ஓடு. மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி, கம்பின் உயரத்தில் கட்டுங்கள். கடற்கரையில் பொறுக்கியது என்றால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் காயவையுங்கள். சில பெட்டைகள் கடல்நுரையைத் தொடவே தொடாது. அவற்றுக்குக் கோழிமுட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உலர்த்தி, கடுகளவு துகளாக நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். ஜோடி சேர்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கி, கடைசிக் குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும்வரை இது எப்போதும் கூண்டில் இருக்கட்டும். முட்டையிடும் நாட்களில் மாலையில் கிண்ணம் காலியாக இருக்கவே கூடாது. இரவு ஓடு கட்டப் போகும் கால்சியம் அப்போது குடலில் இருக்க வேண்டும். கீரையில் பாலக்கைத் தவிர்ப்பது நல்லது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். ப்ரோக்கோலியும் கடுகு இலையும் பரவாயில்லை.

வைட்டமின் பொடியை உலர் விதைமேல் தூவுவதால் பெரிதாகப் பயனில்லை. ஃபின்ச்சும் கேனரியும் விதையை உமி நீக்கித்தான் தின்கின்றன. பொடி உமியோடு போய்விடும். அந்த உமியே கிண்ணத்தின் மேல் பரவிக் கிடந்து, தீவனம் நிறைய இருப்பதுபோலக் காட்டும். தினமும் ஊதிப் பார்க்காமல் விட்டால் இவ்வளவு சிறிய பறவை ஒரே நாளில் பட்டினியால் செத்துப்போகக்கூடும். பொடியை முட்டைக் கலவையில்தான் சேர்க்க வேண்டும். ஒரு கோழிமுட்டையைப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து மசித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை ரொட்டித்தூள் சேர்த்தால் கலவை தயார். ஒரு ஜோடிக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வெப்பமான நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விட வேண்டாம். முளைவிட்ட விதையும் நல்லது: எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நாளுக்கு மூன்று முறை அலசி, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் கொடுங்கள். புளித்த வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

எப்போது ஜோடி சேர்ப்பது என்பதில் இரண்டு இனமும் வேறுபடுகின்றன. கேனரி பகல் நீளத்தைப் பார்த்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் பகலை வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 14 மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரே நாளில் கூட்டினால் ஆணும் பெட்டையும் ஒரே சமயத்தில் தயாராகாது. ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. மழை வந்து புல்லில் விதை பிடித்தால் எந்த மாதமும் முட்டையிடும். கூண்டில் தீவனம் எப்போதும் கிடைப்பதால் அது நிற்காமல் இட்டுக்கொண்டே போகும். மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும் என்றாலும், ஒன்பது மாதமாவது பொறுங்கள். கேனரிக்கு ஏறக்குறைய ஒரு வயது.

முட்டை தங்கிய பெட்டை கால்களை அகட்டி நிற்கும், மூச்சோடு வாலும் ஏறி இறங்கும், அடிக்கடி முக்கும். உடனே சிறிய பெட்டிக்கு மாற்றி 30 முதல் 32 டிகிரி வெப்பம் கொடுங்கள். ஒரு மூலையில் ஈரத் துணி வைத்தால் காற்றில் ஈரப்பதம் கூடும். மூச்சிரைத்தால் வெப்பத்தைக் குறையுங்கள். நீர்க்கச் செய்த கால்சியம் திரவத்தை அலகின் ஓரத்தில் ஒரு துளி மட்டும் தொட்டுவையுங்கள்; வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வயிற்றை அழுத்தவே கூடாது. உள்ளே உடைந்த ஓடு குழாயைக் கிழிக்கும். எண்ணெய் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், முட்டை இருப்பது பெரும்பாலும் எண்ணெய் எட்டாத ஆழத்தில். இறகில் பட்டால் உடல் வெப்பம் காப்பதும் கெடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் பறவை மருத்துவரிடம் போக வேண்டும். ஊசி மூலம் தரும் கால்சியம் பல சமயம் பலன் தரும்.

பிழைத்த பெட்டைக்கு அந்தப் பருவத்தில் மறுபடி கூடு வைக்க வேண்டாம். ஆணைப் பிரித்து, கூட்டையும் நாரையும் எடுத்து, முட்டைக் கலவையை வாரம் ஒரு முறையாகக் குறைத்து, பகலைப் பத்து மணி நேரத்துக்கு இறக்குங்கள். கடல்நுரையை மட்டும் எடுக்காதீர்கள். நலமான ஜோடிக்குக்கூட ஆண்டுக்கு இரண்டு ஈடு (ஒரு முறை இட்டு அடைகாக்கும் முட்டைத் தொகுதி), மிஞ்சிப்போனால் மூன்று போதும். ஜீப்ரா ஃபின்ச் கூடு இல்லாவிட்டால் தீவனக் கிண்ணத்திலேயே முட்டையிடும். அவற்றை எடுத்துக்கொண்டே போனால் இன்னும் இடும் என்பதால், அவற்றுக்குப் பதிலாகப் போலி முட்டைகளை அங்கே வைத்து, அது சலித்து எழும்வரை அடைகாக்க விடுவது நல்லது.